குவைத் அக்காவின் சோபா

சோபா எங்கள் வீட்டுக்குத் தலைகீழாகத்தான் வந்தது. நேராகத் தூக்கினால், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்புத் திண்ணைத் தூண்களில் இடிக்கும். அதனால் நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, அந்தோனி முன்னாலும் நான் பின்னாலுமாகத் தலையில் வைத்துத் தூக்கி வந்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சோபாவைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறையில் மழைத்துளி விழும் சத்தம் என் காதுக்கு மிக அருகில் கேட்டது. இன்றைக்கும் மழை தொடங்கினால் முதலில் அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

"மெதுவா, மெதுவா. பொலித்தீன் கிழிஞ்சிறப் போகுது" என்று பின்னாலேயே வந்தார் குவைத் அக்கா.

"கிழிஞ்சா என்னாக்கா? உள்ளுக்க சோபா இருக்கா இல்லியான்னு அப்பவாவது தெரியுமே" என்றான் அந்தோனி.

"ஒன் வாயிதான் கிழியும். பாத்து நட."

அன்று எங்கள் வீட்டைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. என் மகள் தர்ஷினியின் சட்டப் படிப்புக்குப் பணம் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் பிள்ளையைப் பற்றி எழுத மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் நாலு பேர் மத்தியில் நின்று பேசுகிற தொழிலில் இருக்கிறாள். வீட்டுக் கதையெல்லாம் வெளியே வருவது அவளுக்குப் பிடிக்குமோ என்னவோ என்று ஒரு தயக்கம். ஆனால் போன கிழமை அவளே போனில் கேட்டாள். "எல்லாரையும் பத்தி எழுதுறீங்க. சோபாவப் பத்தி எழுதலியாப்பா?"

தன்னைப் பற்றி எழுதச் சொல்லவில்லை, சோபாவைப் பற்றித்தான் கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

வீடு பார்க்க வருகிறார்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழும்ப மாட்டேன். எழும்பினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். அந்தக் கூச்சம் இன்றுவரை போகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில், பறித்த கொழுந்தை வாட்டும் மாடியில் எனக்கு வேலை. காற்றாடிகளின் இரைச்சலில் அங்கே யாரும் யாருடனும் பேச முடியாது. அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுதுவதும் அப்படித்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தர்ஷினி எனக்கு நேர் எதிர். கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஓர் இடத்தை விட்டு வர மாட்டாள். உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்தும், பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க மயிரிழையில் இடம் தவறியது. ஒரு நாள் முழுக்கப் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். பிறகு சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாள். அதில் மேல்வரிசையில் தேறினாள்.

அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. பல்கலைக்கழகம் என்றால் படிப்பு இலவசம். இங்கே கட்டணம் கட்ட வேண்டும். கொழும்பில் தங்க ஓர் அறை வேண்டும். ஒரு சட்டப் புத்தகத்தின் விலையைக் கேட்டுவிட்டு, நான் அதை இரண்டு கையாலும் பிடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அவளுடைய டியூஷன் ஆசிரியர்தான் ஓர் அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் ஒரு குடும்பம், இறந்துபோன தங்கள் தாயாரின் நினைவாக நடத்துவது. சட்டம் படிக்கும் பெண் பிள்ளைகளில் திறமையானவர் ஒருவருக்கு ஒவ்வொரு வருஷமும் புலமைப்பரிசில் கொடுப்பார்கள். முதலில் கொழும்பில் நேர்முகம். அதில் தர்ஷினி நன்றாகப் பதில் சொன்னாளாம்.

திரும்பி வந்தவள், "அடுத்தது வீட்டப் பாக்க வருவாங்களாம்பா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று அவள் நினைத்தாள். தேவையில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

இரவல்

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு வெளியாட்கள் வருகிறார்கள் என்றால், அந்த வீடு மட்டும் தயாராகாது. லயமே தயாராகும். பெண் பார்க்க வந்தாலும் சரி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர் வந்தாலும் சரி. எந்த வீட்டில் என்ன நல்ல சாமான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். குவைத் அக்கா வீட்டு சோபா. அந்தோனி வீட்டு டீவி. டீச்சரம்மா வீட்டுக் கண்ணாடிக் கோப்பைகள். கடைசி வீட்டுச் சரசுவின் பூப்போட்ட தரைவிரிப்பு. யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. வந்துவிடும். விருந்தாளிகள் போனதும் அதது அதன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.

எங்கள் வீட்டில் மட்டும் இரவல் கொடுக்கும்படி ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் வீட்டுச் சாமான் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். நாம் எதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று யோசிப்பேன்.

அந்த சோபாவுக்கு ஒரு கதை உண்டு. குவைத் அக்காவின் பெயர் பாக்கியம். பல வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். அங்கே தினமும் சோபாக்களைத் துடைத்திருக்கிறார், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. திரும்பி வந்ததும் முதல் காரியமாக அட்டனில் இந்த சோபாவை வாங்கினார். வாங்கியவர் பொலித்தீனைக் கழற்றவில்லை. அழுக்காகிவிடும் என்று இதிலும் அவர் உட்காருவதில்லை. எதிரே பலகைக் கட்டையில் உட்கார்ந்து சோபாவைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்.

ஒருமுறை நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்துக்குப் பெண் பார்க்க வந்தார்கள். சாதகம் பொருந்தவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, தன் சொந்த மகனுக்காக எங்கள் லயத்திலேயே வேறொரு வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்தவர் சோபாவைப் பார்த்தார். உட்கார்ந்தார். பொலித்தீனைத் தடவினார்.

"பொண்ணத்தான் இன்னும் பாக்கல. சோபாவ முன்னாடியே பாத்தாச்சு" என்றார்.

வீடே சிரித்துவிட்டது. அந்தக் கலியாணம் நடந்தது. இப்போது இரண்டு பிள்ளைகள்.

ஆக, கொழும்பிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் என் மனைவி மகேஸ்வரி என்ன செய்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லஸ்ஸன கெதர

தோட்டத்துக்கு வரும் பாதை புதியவர்களுக்குப் பிடிபடாது. வேனுக்கு வழிகாட்ட தர்ஷினி காலையிலேயே நோர்வூட்டுக்குப் போய்விட்டாள். அவள் போய்த் திரும்புவதற்குள் எங்கள் முன்னறையான காம்பரா ஆளே மாறிப்போனது. தரைவிரிப்பு வந்தது. டீவி வந்தது. எங்கள் கட்டிலை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சோபாவைப் போட்டார்கள். டீச்சரம்மா வீட்டு ஃப்ரிட்ஜையும் தூக்கி வந்தார்கள். அது வாசலில் நுழையவில்லை. அந்த வாசலுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வயதான சட்டத்தரணி அம்மா. தமிழர். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றோம். மற்றவர் சிங்கள இளைஞர், கையில் டெப்லெட் வைத்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் வந்த தர்ஷினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"அம்மா..." என்று தொடங்கினாள். ஜன்னல் பக்கம் பார்வை போனதும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மிஸ் சோபாவில் உட்கார்ந்தார். பொலித்தீன் கிறீச்சிட்டது. ஜன்னலில் லயத்து முகங்கள் எல்லாம் இருந்தன. எல்லா முகத்திலும் சிரிப்பு.

"இந்த டீவி எப்ப வாங்கினது?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலைப் பார்த்தேன். அந்தோனி பெருமையோடு இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டு வருஷமுங்க" என்றேன்.

"சோபா?"

மகேஸ்வரி முந்திக்கொண்டாள். "அது வெளிநாட்டுக் காசுல வாங்குனதுங்க மிஸ்."

அவள் பொய் சொல்லவில்லை. மிஸ் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் டெப்லெட்டில் எதையோ பதிந்தார். கண்ணாடிக் கோப்பைகளில் தேநீர் கொடுத்தோம். கேக் கொடுத்தோம். கிளம்பும்போது அந்தத் தம்பி அறையைச் சுற்றிப் பார்த்து, "லஸ்ஸன கெதரக்" என்றார். அழகான வீடு என்று அர்த்தம். மகேஸ்வரிக்கு அதைக் கேட்டு முகமெல்லாம் பூரிப்பு.

வேன் வளைவில் மறைந்த பிறகு தர்ஷினி படியில் உட்கார்ந்தாள்.

"நம்மகிட்ட என்னா இருக்குன்னு பாக்க அவங்க வரலம்மா. என்னா இல்லன்னு பாக்க வந்தாங்க."

மகேஸ்வரி கேக் தட்டைக் கீழே வைத்தாள். "அத ஏன்டி மொதல்லயே சொல்லல?"

"சொல்லணும்னு எனக்குத் தோணலம்மா."

"அவங்க இருக்கயிலயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்புடி சொல்றது? அத்தன பேரும் ஜன்னல்ல நின்னு சிரிச்சிட்டு இருந்தாங்க. அவங்க முன்னுக்க நின்னு, இது ஒண்ணும் எங்களது இல்ல, எல்லாம் எரவல்னு சொல்லச் சொல்றீங்களா?"

அந்தோனியும் நானும் சோபாவைத் திரும்பத் தலையில் தூக்கிக்கொண்டு போனோம். போகும்போது அவன் ஒரு பகிடியும் விட்டுச் சிரிக்கவைக்கவில்லை.

தலையாட்டிய வழக்கு

பதில் வரும்வரை இருந்த அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி பழைய மாட்டு வழக்கு நினைவுக்கு வந்தது. அவள் சட்டம் படிக்க ஆசைப்பட்டதற்கு அந்த மாடு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அவள் ஒத்துக்கொள்வதில்லை.

அப்போது எங்களிடம் ஒரு சிவப்பு மாடு இருந்தது. கயிறு அறுத்துக்கொண்டு போய், புதிதாக நட்ட தேயிலைக் கன்றுகளை மிதித்துவிட்டது என்று என்மேல் வழக்கு. தவணை நாளன்று மகேஸ்வரிக்குக் காய்ச்சல். தர்ஷினி சின்னப் பிள்ளை, அவளையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் வக்கீல் என் காதில், "கேட்டா தலையாட்டுங்க, போதும்" என்றார்.

கூண்டில் ஏறினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சிங்களத்தில் பேசினார்கள். கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற சிங்களம் எனக்குத் தெரியும். கோர்ட்டுச் சிங்களம் வேறு. நடுவில் எல்லோரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தபோது தலையாட்டினேன். மறுபடி பார்த்தார்கள். மறுபடி ஆட்டினேன்.

வெளியே வந்ததும் பிள்ளை கேட்டாள். "என்னாப்பா சொன்னாங்க?"

"தெரியல தாயி."

"அப்ப எதுக்குத் தலையாட்டுனீங்க?"

தண்டம் கட்டினோம். மாட்டையும் விற்றோம். அவளுடைய அந்தக் கேள்வி மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

பதில்

அறக்கட்டளையிலிருந்து போன் வந்தபோது தர்ஷினி அடுப்படியில் நின்றாள். "சரி மிஸ். விளங்குது மிஸ். நன்றி மிஸ்" என்று மட்டும்தான் நாங்கள் கேட்டோம். இவளைவிடத் தேவை அதிகமுள்ள வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

செய்தி லயத்தின் அந்தக் கடைசிக்குப் போய்ச் சேர ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. முதலில் ஓடிவந்தது குவைத் அக்கா. வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார்.

"என் சோபாதான்டி புள்ள படிப்பக் கெடுத்துருச்சு. அத இன்னைக்கே வெட்டி அடுப்புல வைக்கிறேன்."

"ஈரத்துல எரியாதுக்கா. பொலித்தீனக் கழத்திட்டு வைங்க" என்றான் அந்தோனி. பிறகு அவனும் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாம் இந்த வெரல் ரெண்டும் செஞ்ச வேல."

யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். அவர்களை இன்னொரு தடவை வரச் சொல்வோம். இந்தத் தடவை இருப்பதையும் எடுத்துவிட்டு, வெறும் தரையைக் காட்டுவோம். கட்டில்கூட வேண்டாம்.

மகேஸ்வரி அதுவரை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"ஒரு நாளு பணக்காரின்னு வேசம் போட்டாச்சு. இன்னொரு நாளு பிச்சைக்காரின்னு வேசம் போட மாட்டேன். அதுக்கு வேற ஆளப் பாருங்க."

"வேசமே வேணாம்மா. நடந்தத நடந்தபடி சொல்லிப் பாக்குறேன்" என்றாள் தர்ஷினி.

லயத்தார் எல்லோரும் கேட்க, அங்கேயே நின்று மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். சோபா யாருடையது, டீவி யாருடையது, ஏன் வந்தது, தான் ஏன் அன்று வாய் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். கெஞ்சவில்லை. அந்தப் பக்கம் மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பல நாள் பேசிக்கொண்டோம்.

திறமையைக் காட்டுவதற்குப் பரீட்சை இருக்கிறது. அதில் என் பிள்ளை தேறிவிட்டாள். இல்லாமையை எப்படிக் காட்டுவது? அதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் இல்லை. சின்ன வயதிலிருந்து நாங்கள் பழகியதெல்லாம் அதை மறைக்கத்தான்.

சொல்லாமல் வந்த ஞாயிறு

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகேஸ்வரி நோர்வூட் சந்தைக்குப் போயிருந்தாள். தர்ஷினியும் வீட்டில் இல்லை. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மிஸ்ஸும் அந்தத் தம்பியும் நின்றார்கள்.

எழும்பியதில் தேங்காய்ப்பூ தரையில் கொட்டிவிட்டது. எங்கள் அறை வழக்கமாக எப்படி இருக்குமோ, அன்றும் அப்படியே இருந்தது. கட்டில். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கும். பலகையில் பிள்ளையின் புத்தகங்கள். கொடியில் ஈரத்துணி. மிஸ் கால் வளைந்த கதிரையில்தான் உட்கார்ந்தார். சில்வர் குவளையில் தேத்தண்ணி கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, குவளையைத் தரையில் வைத்தார்.

"சோபா எங்க?" என்றார்.

விளக்கிச் சொல்லலாம். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"வாங்க" என்றேன்.

லயத்து இஸ்தோப்பு வழியாக அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். நான் முன்னால், அவர்கள் பின்னால். அத்தனை கண்களுக்கு நடுவில் அப்படி நடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

குவைத் அக்கா எங்களைக் கண்டதும் கதவை அகலத் திறந்தார்.

"வாங்க மிஸ். இந்தா இருக்கு. அன்னைக்கி நீங்க ஒக்காந்தீங்களே, அதேதான். வேணும்னா ஒக்காந்து பாருங்க, அதே சத்தம் போடும்."

மிஸ் உட்கார்ந்தார். பொலித்தீன் கிறீச்சிட்டது. அந்தத் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வீடு அந்தோனியுடையது. டீவியைக் காட்டினான். "வெரலக் காட்டுனது நாந்தான் மிஸ். டீவிய எல்லாரும் எரவல் கேக்குறாங்க. அதோட தவணைய மட்டும் யாரும் எரவல் கேக்க மாட்டேங்குறாங்க."

டீச்சரம்மா கோப்பைகளைக் காட்டினார். யாரோ ஃப்ரிட்ஜ் நுழையாத கதையையும் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் இப்போது லயமே நடந்து வந்தது.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "எல்லா வீட்டிலிருந்தும் உங்க வீட்டுக்கு வருது. உங்க வீட்டிலிருந்து இவங்களுக்கு என்ன போகும்?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. தரையைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லீங்க மிஸ்."

"என்னா தம்பி ஒண்ணுமில்லங்குற?" குவைத் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மிஸ், இவரு வாயில்லாத மனுசன், இவரக் கேக்காதீங்க. இவங்க வீட்லருந்து நாங்க எரவல் வாங்குறது அந்தப் புள்ளயத்தான். பேங்குக்குப் போகணுமா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, சிங்களத்துல பேசணுமா, இங்கிலீசுல பேசணுமா, தர்ஷினியக் கூப்புடுன்னுதான் ஓடுவோம். எங்க சாமான் எல்லாம் வருசத்துக்கு ஒருக்கா வெளிய போகும். அந்தப் புள்ள வீட்ல தங்குற நாளு கொறவு."

"இப்ப எங்க?" என்று கேட்டார் மிஸ்.

"இப்பவும் எரவல்தான்" என்றான் அந்தோனி. "சரசு அடையாள அட்டையத் தொலைச்சிட்டா. பொலிசுல முறைப்பாடு எழுதக் கூட்டிட்டுப் போயிருக்கா. பொழுது சாயத் திருப்பிக் குடுத்துருவா."

அன்றுதான் மிஸ் சிரித்து நான் பார்த்தேன்.

வேனுக்குப் போகும் வழியில், அந்தத் தம்பி முன்னால் நடக்க, அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். இந்த வருஷத்துப் புலமைப்பரிசிலைக் கொடுத்துவிட்டோம், அதை அந்தப் பிள்ளையிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது. நான் தலையை அசைத்தேன்.

"அந்தப் பிள்ளையோட வீட்டையும் நான்தான் பார்த்தேன்" என்றார். "அங்க சோபா இரவல் கொடுக்கவும் ஆள் இல்ல."

நெடுநாள் அந்தப் பேச்சு என் மனதில் கிடந்தது. வாட்டும் மாடியில் கொழுந்தைப் புரட்டும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். மிஸ் முதலில் கொடுத்த பதில் தவறு என்று எனக்கு இப்போது தோன்றவில்லை.

"ஒரு வருஷம் சமாளியுங்க. முதல் வருஷப் பரீட்சையை அவ எப்படிச் செய்யிறான்னு பார்ப்போம்" என்றார் மிஸ், வேனில் ஏறும் முன்.

"பாக்குறோங்க மிஸ்" என்றேன்.

சமாளித்தோம். மகேஸ்வரியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. லயத்துச் சீட்டுப் பணத்தில் அந்த முறை முதலில் எடுக்கும் கை குவைத் அக்காவுடையது, எங்களுடையது கடைசி. ஒருவரும் கேட்காமலே அக்கா இடத்தை மாற்றிக்கொண்டார். தர்ஷினி கொழும்பில் பகலில் படித்து, மாலையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். வீட்டுக்கு வரும்போது கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். கேட்டால் பஸ் பயணம் என்பாள்.

இரண்டாம் வருஷம் புலமைப்பரிசில் கிடைத்தது. படிப்பு முடியும்வரை கிடைத்தது. அந்தத் தடவை யாரும் வீடு பார்க்க வரவில்லை. பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் பார்த்தார்களாம்.

மகேஸ்வரிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். "வரவே இல்லியா? நான் அக்காகிட்ட சோபா சொல்லி வச்சிருந்தேனே" என்றாள்.

ஆணி

அவள் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த நாளில் நாங்கள் கொழும்புக்குப் போனோம். நான் பின்னால் நின்றேன். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் அத்தனை பேரிலும் என் பிள்ளையின் முதுகைத் தேடிக் கண்டுபிடித்தேன். அன்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு, வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

படம் அதிக நாள் ஆணியில் நிற்கவில்லை.

முதலில் கேட்டது அந்தோனி. வீட்டுக் கடன் விஷயமாக யாரோ வருகிறார்களாம். "சும்மா செவத்துல இருக்கட்டும் மச்சான். பாத்தா ஒரு மரியாதயா பேசுவாங்க." பிறகு டீச்சரம்மா வீட்டுக்குப் போனது. சரசு வீட்டுக்குப் போய் ஒரு கிழமை அங்கேயே இருந்தது. நான் கேட்கப் போகவில்லை. பொழுது சாய்ந்தால் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு குவைத் அக்காவின் மகள் நிஷாந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை சோபா தன் சொந்த வீட்டிலேயே இருந்தது. அக்கா அன்றுதான் பொலித்தீனைக் கழற்றியிருந்தார். உள்ளே துணி நீல நிறம். இத்தனை வருஷத்தில் அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சோபாவுக்கு மேலே என் மகளின் படம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஓரமாக உட்கார்ந்தேன். சத்தமே வரவில்லை. அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"கறுப்புக் கோட்டுல இருக்குறது யாருங்க?"

"எங்க புள்ளதாங்க. கொழும்புல லோயரா இருக்கு" என்றார் குவைத் அக்கா.

"அப்புடியா! உங்க மூத்த மகளா?"

அக்காவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும், வாசலில் நின்ற அந்தோனியும் மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பினார்கள். அறையில் இருந்த எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது.

நான் தலையாட்டினேன். கேட்ட கேள்வி இந்தத் தடவை எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.